ஊதாக் கோடு விடுபட்ட இடம்

மணி நாலேகால். விடிய இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. மான் வேட்டை திறக்கிற சனிக்கிழமை, நவம்பர் குளிர். ஓசார்க் மலைக்குள்ளே ஏறிப் போகிற சரளைச் சாலை... ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. மேவிஸ் தன் பிக்கப்பை இரண்டாவது கியரில் போட்டு மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள்.

மேவிஸ் யார் என்று கேட்பீர்கள். இதோ, அடுப்போரம் காலை நீட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே லோவெல்... அவனுடைய சொந்த அத்தை. அவன் அப்பா ராய்ஸின் தங்கை. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவனே திருத்தட்டும்.

கெண்டல், நீதான் முக்கியமாகக் கேட்க வேண்டியவன். ராய்ஸ் விற்கிற அந்த நாற்பது ஏக்கர் வேட்டைக்காட்டைத் திங்கட்கிழமை உன் பேருக்குப் பத்திரம் பண்ணப் போகிறாய். இன்று சாயங்காலம் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாய், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வந்ததும் வராததுமாக என்ன சொன்னாய்? "நடுக்காட்டுல காஸ் கசியற மாதிரி ஒரு நாத்தம்ப்பா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். லோவெல் சிரிக்கவில்லை. தரகன் உன்னிடம் இதையெல்லாம் சொல்லமாட்டான். ராய்ஸும் சொல்லமாட்டான். விறகு ஒன்று போடுங்கள், கதவை நன்றாகச் சாத்துங்கள்.

வண்டி விளக்கில் ஒரு முதுகு தெரிந்தது. சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. தோளில் துப்பாக்கி. கையில் மதியச் சாப்பாட்டு டப்பா. சாலை ஓரமாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு மேல்சட்டை இல்லை... வேட்டை நாளில் ஆரஞ்சு போடாமல் எவன் வெளியே வருவான்? மான் என்று நினைத்து எவனாவது சுட்டுவிட்டால்? மேவிஸுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பக்கத்தில் ஓட்டிப் போய்க் கண்ணாடியை இறக்கினாள்.

"யோவ் பெரியவரே, சாகணும்னு ஆசையா?"

யாரும் இல்லை. சாலை... சரளை... எஞ்சின் சத்தம். கண்ணாடி வழியே உள்ளே வந்த காற்றில் மட்டும் செர்ரி வாசனை கலந்த, பைப்பில் வைத்துப் புகைக்கிற புகையிலை மணம். சரி, தூக்கம் இல்லாத கண் ஏதாவது காட்டும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலே போனாள். உண்மையில் அவள் தூங்கியிருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் மலை முழுக்க வீடு வீடாகப் போய்த் தொட்டியில் காஸ் நிரப்புகிற லாரி ஓட்டியவள். முந்தின நாளோடு வேலைக்கு முழுக்குப் போட்டிருந்தாள். கடைசி வீட்டுக்கு நிரப்பிவிட்டுக் குழாயைச் சுற்றி வைக்கும்போது ராத்திரி ஒரு மணி. அவள் கோட்டை எத்தனை தடவை துவைத்தாலும் அந்தக் காஸ் நாற்றம் போகாது. போகிற வீட்டுப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால், "உங்க வீட்டுல அடுப்பு எரியற வாசனைடா இது" என்பாள்.

அவளுக்கு ஏன் தனியாக ஒரு காடு வேண்டியிருந்தது தெரியுமா? அப்பன் காடு ஒன்று இருந்தது. எட்டு வயதில் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கக் கற்றதெல்லாம் அங்கேதான். அப்பன் போனதும் ராய்ஸும் இன்னொரு அண்ணன் டாரலும் காட்டைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த நவம்பரில் மேவிஸ் துப்பாக்கியோடு போனாள். கேட்டில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு. உள்ளே பன்றிக்கறி வறுபடுகிற வாசனை வந்தது. அண்ணன்மார் சிரிக்கிற சத்தம் கேட்டது. சங்கிலியை மெதுவாகத் தூக்கினாள், பூட்டைத் தொட்டுப் பார்த்தாள், சத்தம் வராமல் திரும்ப வைத்தாள். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள். கடைசியில் ராய்ஸ் ஒன்றுக்கிருக்க வெளியே வந்தவன் பார்த்துவிட்டான்.

"பொம்பளைக்கு எதுக்குடி வேட்டைக்காடு? மானை அடிச்சா கறி குடுத்தனுப்புறேன், வீட்டுக்குப் போ."

"உன் கறிய நீயே தின்னு," என்றாள் மேவிஸ். "எவனும் என்னை இறங்குன்னு சொல்ல முடியாத இடம் ஒண்ணு வாங்கறேன். செத்தாலும் அதை விட்டு இறங்கமாட்டேன். பார்த்துக்க."

அதற்கப்புறமும் பதினான்கு வருஷம் லாரி ஓட்டினாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருஷத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம். டவுனில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த நாற்பது ஏக்கரை வாங்கினாள்.

வாங்கியது எப்படி என்றும் கேட்டுக்கொள், கெண்டல். வெயில் நாளில் இடம் காட்டக் கூப்பிட்ட தரகனிடம், "கொட்டுற மழையில கூப்பிடு, வர்றேன்" என்றாள். மழையில் பாதை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா? இலை கொட்டியபின் ஒருமுறை போய் மான் தடம் எது, மான் படுக்கிற பள்ளம் எது என்று நடந்து பார்த்தாள். ஆகஸ்டில் போய் ஓடையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, சாலையிலிருந்து வழிப்பாத்தியதை எழுத்தில் இருக்கிறதா என்று படித்தாள். அளவைக்காரரை வைத்து நாலு மூலைக் கல்லையும் தோண்டிப் பார்த்தாள். பக்கத்து நிலத்துக்காரன் குட்டி மானையும் விடாமல் சுடுகிறவனா, வளரட்டும் என்று விடுகிறவனா என்று விசாரித்தாள். நவம்பர்க் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், பரணில் உட்கார்ந்தால் மனித வாடை பள்ளத்துக்கு இறங்குமா என்று மாவைத் தூவிப் பார்த்தாள். நீ இதில் பாதி செய்திருப்பாயா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை.

இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சாண் ஊதாக் கோடு இருந்தால், உள்ளே வராதே என்று பலகை அடித்ததற்குச் சமம். பழைய சொந்தக்காரர் ஹாஸ்கின்ஸ் நிலத்தைச் சுற்றி மரத்துக்கு மரம் ஊதா அடித்து வைத்திருந்தார். கீழ்ப்பக்கம், சாலையை ஒட்டி இரண்டு வெள்ளை ஓக் மரங்கள், நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி... அந்த இரண்டில் மட்டும் கோடு இல்லை. பெயிண்ட் தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள் மேவிஸ். புது டப்பா வாங்கி, பழைய கோடு இருந்த மரங்களிலெல்லாம் மேலேயே பூசினாள். அந்த இரண்டு மரத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆக, அந்தச் சனிக்கிழமை. வண்டியை உள்ளே இருந்த சின்னக் குடிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நேரே மேட்டு உச்சிக்கு நடந்தாள். அங்கே ஒரு கிழட்டு ஓக் மரத்தில் ஹாஸ்கின்ஸ் காலத்துப் பரண். ஏழு படி ஏணி. இரண்டாவது படி மிதித்தால் கிரீச்சிடும்.

"மூணாவது," என்றான் லோவெல்.

சரி, மூணாவது. சொன்னேனா, திருத்துவான் என்று.

ஏறி உட்கார்ந்து டார்ச்சை அணைத்தாள். இருட்டு. உறைபனி. தன் சொந்த மரம், தன் சொந்தக் காடு. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை அந்த இருட்டில் சத்தம் வராமல் சிரித்தாள் என்றால் நம்புங்கள். அவ்வளவு சந்தோஷம்.

அப்போது கீழே... சரக்.

சரக்... சரக்... நின்றது.

மான் நடந்தால் அப்படிக் கேட்காது. மான் தத்தும், நிற்கும், மோப்பம் பிடிக்கும், மறுபடி தத்தும். இது இரண்டு கால். குதிகால் முதலில், விரல் பிறகு. வழி தெரிந்த நடை. மேவிஸ் டார்ச்சை அடித்தாள். உதிர்ந்த இலை, மரம், உறைபனி. வேறு ஒன்றும் இல்லை. விளக்கைப் பார்த்தும் நடை நிற்கவில்லை. ஏணிக்கு வந்தது. முதல் படி... இரண்டாவது படி... மூன்றாவது... கிரீச்.

நாலு... ஐந்து... ஆறு... ஏழாவது படி. அவளுக்கு இடது பக்கம் பலகை மெல்ல அமுங்கியது. ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். பிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம். காப்பி வாசனை. அதற்கு மேலே... அந்தச் செர்ரிப் புகையிலை.

நாமாக இருந்தால் குதித்திருப்போம். கால் உடைந்தாலும் பரவாயில்லை என்று குதித்திருப்போம். மேவிஸ் இடது பக்கம் திரும்பினாள். ஆளைக் காணோம். குரல் நடுங்கத்தான் நடுங்கியது, இருந்தாலும் சொன்னாள்.

"நீ யாரா இருந்தாலும் சரி. இது என் இடம். பத்திரம் என் பேர்ல இருக்கு. இறங்கு."

காப்பியை ஊதிக் குடிக்கிற சத்தம்தான்.

விடிந்தது. பலகை முழுக்க உறைபனி படிந்திருந்தது, இரண்டு இடம் தவிர. ஒன்று அவள் உட்கார்ந்திருந்த இடம். இன்னொன்று அதற்குப் பக்கத்தில், அதே அகலத்தில், ஈரமாக. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து ஒரு கலைமான் ஏறி வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. அறுபதடி தூரம். மேவிஸ் மூச்சை அடக்கித் துப்பாக்கியைத் தூக்கினாள்...

இடது காதுக்குப் பக்கத்தில், டக். இன்னொரு துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு விலகுகிற சத்தம்.

மான் தலையைத் தூக்கியது. வெள்ளை வால் எழும்பியது. போச்சு.

"அடப்பாவி மனுஷா!" என்று மலை அதிரக் கத்தினாள் மேவிஸ். பயம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொந்தப் பரணில் உட்கார்ந்து முதல் மான். அதையும் ஒருவன் கெடுத்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அன்று முழுக்க அவளும் இறங்கவில்லை, அதுவும் இறங்கவில்லை. இருட்டுகிற நேரம் பலகை லேசானது. மூன்றாவது படி கிரீச்சிட்டது. மேவிஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு முப்பதடி பின்னால் விடாமல் தொடர்ந்தாள். சரக், சரக் என்று நடை நேரே அந்த இரண்டு வெள்ளை ஓக் மரத்துக்குப் போனது. நடுவே நுழைந்தது. சாலைச் சரளை நொறுங்கியது... கீழே கீழே போய்... அடங்கிவிட்டது.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரர் வெர்லின் வீட்டுக்குப் போனாள். எண்பது வயது மனிதர். சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு தட்டு எடுத்து வைத்தார்.

"எல்பர்ட் வந்தாரா?" என்றார்.

"எந்த எல்பர்ட்?"

"கீழ அரை மைல்ல கூரை விழுந்த வீடு இருக்குல்ல, அது அவருதான். ஹாஸ்கின்ஸு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தான். சீசன் பதினோரு நாளும் வந்து மேட்டுப் பரண்ல உட்கார்ந்துக்கலாம்னு. கை குலுக்கினதோட சரி, எழுத்தெல்லாம் கிடையாது. அவரு வந்து போகத்தான் அந்த ரெண்டு மரத்துல ஊதா அடிக்கல. முப்பத்தெட்டு வருஷம் வந்தாரு மனுஷன்."

"இப்ப எங்க அவரு?"

"செத்து ஒம்போது வருஷம் ஆச்சும்மா. அக்டோபர்ல செத்தாரு." ரொட்டியைப் பிட்டார். "நவம்பர்ல வேட்டைக்கு வந்துட்டாரு."

மேவிஸ் தட்டைத் தள்ளிவிட்டாள். "வாங்கறப்ப ஏன் பெரியவரே நீங்க சொல்லல?"

"நீ என்ன கேட்ட? நான் குட்டிய சுடுவேனான்னு கேட்ட. இதுக்கு முன்னாடி இங்க யாரு வேட்டையாடினான்னு கேட்டியா?" அவர் சிரிக்கவில்லை. "தொந்தரவு குடுக்கற ஆள் இல்லம்மா. தங்கமான மனுஷன். தான் சுட்ட மான் அடிபட்டு அடுத்தவன் ஊதாக் கோட்டத் தாண்டி விழுந்தாக்கூட, வீட்டுக்குப் போயி போன் பண்ணி அனுமதி கேட்டுட்டுத்தான் எடுக்கப் போவாரு. கோட்டைத் தாண்டினதே கிடையாது. பதினோரு நாள்தானே, விட்டுடேன்."

"வாய் வார்த்தைக்கெல்லாம் என் பத்திரத்துல இடமில்ல," என்றாள் மேவிஸ். "எங்க அண்ணனுங்க எனக்குக் குடுக்காத இடத்த நான் எவனுக்கோ குடுக்கணுமா? அதுவும் செத்தவனுக்கு?"

மறுநாள் ஞாயிறு. மறுபடி அதே நடை, அதே கிரீச், அதே காப்பி. பத்து மணிக்கு இன்னொரு மான் வந்தது, அதே டக். அவ்வளவுதான், மேவிஸ் ஏணியில் இறங்கினாள். கொட்டகைக்குப் போனாள். ஊதா டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே போய் அந்த இரண்டு மரத்திலும் ஆளுக்கொரு கோடு இழுத்தாள். ஆத்திரத்தில் இழுத்த கோடு, கோணல்மாணலாக வழிந்தது. டப்பா மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கினாள். "நாளைக்கு வா பார்க்கலாம்" என்றாள்.

பாருங்கள், எவ்வளவு விவரமானவள். காற்றுக்கு மாவு தூவிப் பார்த்தவள். ஆனால் அந்த நேரத்தில் எல்பர்ட் எங்கே இருந்தார் என்பதை நினைக்கவில்லை.

மேலே இருந்தார். பரணில். ஊதாக் கோட்டுக்கு உள்ளே.

இருட்டியது. கிரீச். சரக், சரக்... நடை கீழே வந்தது. குடில் ஜன்னலிலிருந்து மேவிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓக் மரங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெகு நேரம் நின்றது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது, வெளிச்சம் வரவில்லை. அப்புறம் அந்த நடை திரும்பியது. எல்லையை ஒட்டி நடக்க ஆரம்பித்தது. ஒரு மரம்... நிற்கும். அடுத்த மரம்... நிற்கும். எங்காவது கோடு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. நாற்பது ஏக்கரைச் சுற்றிவர ஒரு மைல். முக்கால் மணிக்கு ஒருமுறை குடிலுக்குப் பின்பக்கம் சரக், சரக் என்று கடந்து போனது. விடிகிற வரைக்கும் போனது.

இரண்டாவது ராத்திரி மேவிஸ் வாசலில் வந்து நின்று கத்தினாள். "நட! நல்லா நட! நானும் நடந்தவதான்!" கத்திவிட்டு உள்ளே போய்த் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். மரத்தில் புது ஊதாவைப் பார்த்துவிட்டு வெர்லின் போன் பண்ணி, "சுரண்டி விட்டுடும்மா, பாவம்" என்றார். "மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். இதை இவள் சொன்னாள் என்று நினைக்காதீர்கள், அந்த ராய்ஸுக்குத் தங்கை சொன்னாள். ஒரே ரத்தம்தானே.

மூன்றாவது ராத்திரி. மூன்று மணி இருக்கும். நடை கேட்டுக்கு வந்தது. குடிலிலிருந்து கேட் இருபதடிதான். அவளும் தன் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். அந்தச் சங்கிலியை ஒரு கை தூக்கியது... பூட்டைத் தொட்டுப் பார்த்தது... திரும்ப வைத்தது. இழுக்கவில்லை, குலுக்கவில்லை. சத்தம் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாக வைத்தது.

மேவிஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அப்பன் காட்டு வாசலில், பன்றிக்கறி வாசனையில் நின்றுகொண்டு, அவளே எழுப்பிய சத்தம் அது. அப்பன் செத்தபோதுகூட அழாதவள், வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

கோட்டை மாட்டிக்கொண்டாள், கைக்கோடரியை எடுத்தாள். இருட்டில் அந்த இரண்டு மரத்துக்கும் போய்ப் பட்டையோடு சேர்த்து ஊதாவைச் செதுக்கித் தள்ளினாள். ஒரு பொட்டு விடவில்லை. விரலெல்லாம் சிராய்ப்பு. பின்னால் சரக் என்று கேட்டது. அவள் திரும்பவில்லை. ஒதுங்கி வழி விட்டாள்.

"வீட்டுக்குப் போங்க எல்பர்ட்," என்றாள். "தப்பு என்னுதுதான். நாளைக்கு வாங்க. ஆனா நான் மான் பார்த்துட்டு இருக்கறப்ப துப்பாக்கிப் பூட்டத் திறக்காதீங்க. அதுமட்டும் ஆகாது."

செர்ரிப் புகையிலை அவள் தோளை ஒட்டிக் கடந்தது. சரளை நொறுங்கியது... கீழே... கீழே... அடங்கியது. அன்றுதான் மேவிஸ் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் எழுந்து பார்க்கிறாள்... செதுக்கின இரண்டு மரத்திலும் புது ஊதாக் கோடு. அவள் கை மாதிரிக் கோணல் இல்லை. அளவுகோல் வைத்தது போல் ஒரே இழுப்பு, ஒரு சொட்டு வழியவில்லை. கொட்டகையில் டப்பா அவள் தட்டி இறுக்கியபடியே இருந்தது. மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். கோடு சாலைப் பக்கம் பார்த்து இருந்தது. வெளியே நின்று போட்ட கோடு.

அதற்கப்புறம் எல்பர்ட் வரவில்லை. எந்த நவம்பரிலும் வரவில்லை. மேவிஸ் ஒவ்வொரு வருஷமும் திறக்கிற நாள் காலையில் பரணில் இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டே உட்காருவாள். பிளாஸ்க்கில் இரண்டு பேருக்குக் காப்பி. "எனக்கு விட்டுக் குடுத்த ஒரே மனுஷன், அவனும் செத்தவன்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த இரண்டு மரத்துக்கோட்டை மட்டும் வருஷா வருஷம் தன் கையாலேயே புதுப்பித்தாள்.

பன்னிரண்டு வருஷம் அப்படி இருந்தாள். அப்புறம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை இல்லை, உயில் எழுதவில்லை, அண்ணன் டாரலும் வாரிசு இல்லாமல் முன்பே செத்துப்போயிருந்தான். ராய்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். லோவெல் கதவோரம் நின்றான். என்ன சொன்னாள் அத்தை? நீயே சொல்லு லோவெல்.

லோவெல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "'நிலம் உன் பேருக்குத்தான் வரும் அண்ணே. வரட்டும். கால் வச்சுப் பாரு'ன்னாங்க."

அவளும் அக்டோபரில்தான் போனாள். நவம்பரில் ராய்ஸ் அந்தக் காட்டுக்கு வேட்டைக்குப் போனான். காலை நாலரைக்குப் போனவன் ஐந்தே காலுக்குத் திரும்பி வந்துவிட்டான். என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரமே தரகனைக் கூப்பிட்டான். இது ஆறாவது வருஷம். மூன்று பேர் விலை பேசினார்கள், மூன்று பேரும் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முன்பணத்தைத் திருப்பிக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். இந்த ஆறு வருஷத்தில் எவனும் அங்கே பிரஷ் எடுத்துக்கொண்டு போனதில்லை.

கெண்டல், கேட் பூட்டியிருந்திருக்குமே. எந்த வழியாக உள்ளே போனாய்?

"கீழ ரெண்டு ஓக் மரம் இருக்கே, அது நடுவால," என்றான் கெண்டல். "ஊதாவெல்லாம் ஒண்ணும் இல்லையே அங்க. சுத்தி எல்லாமே வெளுத்துப் போயிருக்கு. போறப்ப நல்லாப் பார்த்தேன்."

வரும்போதும் அதே வழியா?

"ஆமா. இடுக்கு வழி. ஒருக்களிச்சுத்தான் வந்தேன்."

அப்படியே அசையாமல் இரு. விளக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள். உன் கோட்டு... நெஞ்சுப் பக்கம். இல்லை, குனியாதே, விரலை வைத்துப் பார்.

கெண்டல் விரலை வைத்தான். எடுத்தான். விளக்குக்கு நேரே பிடித்தான். விரல் நுனி ஊதாவாக இருந்தது. கட்டை விரலோடு சேர்த்துப் பிரித்தான், பிசுபிசுவென்று ஒட்டியது.

அடுப்பில் விறகு வெடித்தது. லோவெல்தான் வாயைத் திறந்தான், தலையைத் தூக்காமலே.

"டப்பாவையும் பிரஷையும் தன்னோட வைக்கச் சொல்லியிருந்தாங்க அத்தை. அப்பா கேலி பண்ணாரு. யாருக்கும் தெரியாம நான்தான் சவப்பெட்டியில, கால்மாட்டுல வச்சேன்." நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். "மூடிய நல்லாத் தட்டி இறுக்கித்தான் வச்சேன்."